வருசக் கடைசியும் நெஞ்சிடியும்

அரச கந்தோரில் கணக்குக் கிளையில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், வருடத்துக்குப் பதினொரு மாதமும் ஒரு டிசம்பரும் என்றுதான் சொல்வார்கள். முப்பத்தோராம் திகதி கணக்கு மூட வேண்டும். ஆவணியிலிருந்து அசையாமல் கிடந்த வேலைகளுக்கெல்லாம் திடீரென்று வவுச்சர் வரும். செலவுக்குத் திறைசேரி விடுகிற கட்டுநிதி கடைசிக் கிழமையில்தான் வந்து சேரும். அது வரும்வரை ஒப்பந்தகாரர்கள் மேசைக்கு முன்னால் நிற்பார்கள், வந்த பிறகு எல்லோருக்கும் ஒரே நாளில் காசோலை வேண்டும். வெளியே மாரி மழை. திருகோணமலைக்கு வருடத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் கொட்டும். உடுப்புக் காயாது, றோட்டுக் குழி எது தண்ணீர் எது என்று தெரியாது, பிள்ளைகளுக்குத் தடிமன் மாறி மாறி வரும்.

நான் பாலையூற்றில் இருந்து தினமும் ஸ்கூட்டியில் டவுனுக்குப் போய் வருகிறவள். கணவர் கட்டாரில். மகள் ஓ.எல். வகுப்பு, மகன் அவளுக்கு நாலு வயது இளையவன். மாமிக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. கைத்தாங்கலில் நடப்பா, ஆனால் கழிவறைக்குத் தனியாகப் போக ஏலாது. ஊரில் எத்தனையோ வீடுகளில் இருக்கிற கதைதான் இது, இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. மன அழுத்தம் என்று பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது. எந்த வீடு, எத்தனை பேர், யார் எத்தனை மணிக்கு எழும்புவது என்று சொன்னால்தான் அதன் எடை தெரியும்.

எனக்கு அது மனதில் தொடங்கவில்லை, தாடையில் தொடங்கியது. காலையில் எழும்பும்போது கடைவாய்ப் பற்கள் வலிக்கும், இரவெல்லாம் கடித்துக்கொண்டு கிடந்திருப்பேன். பிறகு கழுத்தின் பின்பக்கம் இறுகியது. பிறகு வயிற்றெரிவு. அதற்குப் பிறகுதான் நெஞ்சிடி. சும்மா இருக்கும்போதே மாடிப்படி ஏறி வந்தது போல் நெஞ்சு அடிக்கும், அதிலும் அதிகாலையில். கோபம் எல்லாவற்றுக்கும் மேலே. மகன் சப்பாத்து லேஸ் கட்டத் தெரியாமல் நின்ற ஒரு காலையில் நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"என்ன பிள்ளை, காய்ச்சலே? முகமெல்லாம் சிவந்து கிடக்கு."

"இல்லை அக்கா, நெஞ்சு ஒரு மாதிரி இடிக்குது."

"அப்ப ஏன் இன்னும் இஞ்ச நிக்கிறாய்? ஆஸ்பத்திரிக்குப் போ. அந்தப் பெடியனை நான் பள்ளிக்கூடத்தில விடுறன்."

அக்கா சொன்னது சரி. இதை வாசிப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியதும் அதுதான். நெஞ்சு இடிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அது 'டென்சன்' என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். எனக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், இரத்தச்சோகையும் தைரோய்டும் சோதித்தார்கள். இரத்தம் குறைந்தாலும் தைரோய்டு கூடினாலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்குமாம். எல்லாம் சரியென்று வந்த பிறகுதான் டொக்டர் வீட்டு நிலைமையைக் கேட்டா. நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தது போல நோவு, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், இவை வந்தால் யோசிக்கவே கூடாது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள்.

டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தியதும் பிறகு நானே தேடி வாசித்ததும் சேர்ந்து, உடம்பில் என்ன நடக்கிறது என்று ஓரளவு பிடிபட்டது. ஹபரணைப் பக்கம் இரவு பஸ்ஸில் போகும்போது நடு றோட்டில் யானை நின்று டிரைவர் பிரேக் அடித்தால் நமக்கு என்ன நடக்கும்? நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், நித்திரை பறந்துவிடும். சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி போல இருக்கிற சுரப்பிகள் சில விநாடிகளுக்குள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. சில நிமிடங்களில் அதே சுரப்பிகள் விடுகிற கோர்ட்டிசோலும் ஏறும். இரத்தத்தில் சீனி கூடும், தசைக்கு இரத்தம் ஓடும், சமிபாடு பின்னுக்குப் போகும். எதிர்த்து நில் அல்லது ஓடு என்கிற இந்த ஏற்பாட்டை ஹார்வர்டில் இருந்த வால்டர் கனன் என்ற உடற்றொழிலியலாளர் 1915 அளவில் எழுதி வைத்தார். யானை காட்டுக்குள் போய்விடும், பஸ் வெளிக்கிடும், கந்தளாய் வருவதற்குள் பாதிப் பேர் திரும்பவும் குறட்டை விடுவார்கள். அதுவரைக்கும் எல்லாம் நல்லதற்குத்தான்.

கணக்காய்வுக் கடிதம் அப்படிக் காட்டுக்குள் போவதில்லை. அது மேசையிலேயே இருக்கும். மாமியின் மருந்து முடிகிற திகதி, மகளின் பரீட்சை, லீசிங் காசு, ஒன்றும் போவதில்லை. உடம்புக்கோ யானைக்கும் கடிதத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, அதே மருந்தைத்தான் இரத்தத்தில் ஊற்றும். ஹான்ஸ் செல்யே என்பவர் கனடாவில் மொன்றியலில் எலிகளை வைத்து ஆராய்ந்து 1936இல் இதைப் பற்றி எழுதினார். குளிர், காயம், அளவுக்கு மீறிய ஓட்டம், நச்சு மருந்து என்று வேறு வேறு துன்பங்களைக் கொடுத்தாலும் எலிகளின் உடம்பு ஒரே மாதிரித்தான் பதில் சொன்னதாம். அட்ரினல் சுரப்பி வீங்கிக் கிடந்தது, வயிற்றில் புண். முதலில் அபாயச் சத்தம், பிறகு தாக்குப்பிடித்தல், அதற்குப் பிறகு களைத்து விழுதல் என்று மூன்று கட்டங்களாக அவர் பிரித்தார். நான் நடுக்கட்டத்தில் நின்றிருக்கிறேன் என்று நினைக்கிறேன். வெளியில் பார்ப்பவர்களுக்கு அந்தக் கட்டம் கெட்டித்தனமாகத் தெரியும். "அவ எல்லாத்தையும் சமாளிப்பா" என்பார்கள். அந்தப் புகழ்ச்சிக்கு நான் மயங்குவதை நிறுத்தி இப்போது கொஞ்சக் காலம்.

இந்த ஊரில் இன்னொரு வசனமும் உண்டு. "யுத்தத்தையே கண்டனாங்கள், இதெல்லாம் ஒரு கஷ்டமே?" எங்கள் மாமி 1990இல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினவ, 2004 சுனாமியில் தம்பியைப் பறிகொடுத்தவ. அவவுக்கு முன்னால் டிசம்பர் வவுச்சரைப் பற்றி முறைப்பட எனக்கு வாய் வராது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த ஒப்பீடு யாருக்கும் உதவவில்லை. நான் வாயை மூடிக்கொண்டதால் மாமியின் பழைய துக்கம் ஒரு துளியும் குறையவில்லை. இன்றும் பொங்கலுக்கு வெடி கொளுத்தினால் அவவின் வலக்கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடிக்கும். அது வேறு வகை நோவு. கண்ட பயங்கரம் உடம்பில் தங்கிவிடுவது. அதற்கு மூச்சுப் பயிற்சியும் கடற்கரை நடையும் போதாது, அதற்கென்று படித்தவர்கள் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் போட்டு ஒன்றைக் காட்டி மற்றதை அடக்குவது எங்கள் ஊர்ப் பழக்கம், எனக்கு அது பிடிப்பதில்லை.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற இரவுகள் எனக்கு இந்த விசயத்தில் ஒரு புதிர். கஷ்டம் என்று பார்த்தால் அதுதான் பெரிது. கரண்ட் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. ஆனாலும் அந்த நாட்களில் எனக்கு நெஞ்சிடி வரவில்லை. வரிசையில் முன்னால் நின்றவர் என் ஸ்கூட்டியைத் தள்ளி விடுவார், பின்னால் நின்ற அன்ரி பிளாஸ்கில் பிளேன்ரீ கொண்டு வருவா, எல்லோரும் சேர்ந்து திட்டுவோம். யாரும் "நீ ஏன் இவ்வளவு டென்சன்" என்று கேட்கவில்லை. டிசம்பரில் மேசையில் நான் தனி. இந்த வித்தியாசம்தான் பிறகு நான் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் அடி.

அந்த முடிவுகளுக்கு முன், கைக்குச் சுகமாய்க் கிடைக்கிற சில மருந்துகளைப் பற்றி. "அதை யோசிக்காதை" என்பது முதலாவது. யோசிக்காதே என்றால் மூளை அதையே யோசிக்கும், முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டாவது போன். பிள்ளைகள் படுத்த பிறகு அரை மணித்தியாலம் என்று எடுத்தால் பன்னிரண்டரையாகும், கொழும்பில் டொலர் என்ன விலை, எங்கே மண்சரிவு, யார் வீட்டில் என்ன விசேசம் என்று எல்லாம் தலைக்குள் ஏறியிருக்கும். கந்தோரில் ஆண்கள் சிலருக்கு மாலையில் ஒரு கால் போத்தல். குடித்தால் நித்திரை கெதியாய் வரும் என்பது உண்மை. ஆனால் பின்னிரவு நித்திரையை அது கலைத்துவிடும், விடியும்போது ஆள் முன்னிருந்ததை விடப் பதற்றமாய் எழும்புவார். தெரிந்த பாமசியில் சீட்டில்லாமல் வாங்குகிற நித்திரைக் குளிசை அதைவிட மோசம். பழகிவிட்டால் விடுவது பெரும் பாடு.

சரி, எது உதவியது.

மூச்சு உதவியது. ஆரம்பத்தில் நான் இதை நம்பவில்லை, சாமியார்கள் விற்கிற சரக்கு என்று நினைத்தேன். நெஞ்சைக் கையால் நிறுத்த ஏலாது, சுரப்பியை நிறுத்த ஏலாது, மூச்சை மட்டும் நாம் வேண்டுமென்றே மெதுவாக்கலாம். வெளியே விடுகிற மூச்சு நீளும்போது மூளையிலிருந்து நெஞ்சுக்கு இறங்குகிற வேகஸ் நரம்பு நெஞ்சடியைத் தணிக்கிறது. நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. அப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும், சாதாரணமாகப் பன்னிரண்டு முதல் இருபது வரை விடுகிறோம். ஸ்கூட்டியை நிறுத்திய பிறகு ஹெல்மெட்டைக் கழற்றுமுன் நான் இதைச் செய்வேன். ஹெல்மெட்டுக்குள் இருந்தால் யாரும் முகத்தைப் பார்த்து விசாரிக்க மாட்டார்கள். தலை சுற்றினால் எண்ணிக்கையைக் குறைத்துக் கொள்ளுங்கள், மூச்சை ஆழமாக இழுக்க வேண்டியதில்லை, மெதுவாக விட்டால் போதும்.

தாடைக்கும் கழுத்துக்கும் வேறொன்று. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வைத்தியர் 1920களில் சொல்லித்தந்த முறை. ஒவ்வொரு தசையாக இறுக்கி, சில விநாடி வைத்து, பிறகு விட வேண்டும். பாதத்தில் தொடங்கி நெற்றி வரை. இறுக்கிப் பார்த்தால்தான் எவ்வளவு இறுகிக் கிடந்தது என்பதே தெரியவரும். படுக்கையில் செய்வேன், அநேகமாய் வயிறு வரும் முன்பே நித்திரையாகிவிடுவேன்.

அடுத்தது சீ.ஆர். கொப்பி. மகளின் பாவித்து மிஞ்சிய கொப்பி ஒன்றை எடுத்து, பின்னேரம் மாமிக்குத் தேத்தண்ணி கொடுத்த பிறகு குந்தில் இருந்து, மனதில் ஓடுகிற எல்லாவற்றையும் எழுதுவேன். இரவில் படுக்கையில் ஏதாவது வந்தால், "நாளைக்குப் பின்னேரம் உனக்கு நேரம் இருக்கு" என்று சொல்லித் தள்ளி வைப்பேன். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கவலைக்கு ஒரு நேரமும் ஒரு இடமும் ஒதுக்கி, மற்ற நேரங்களில் அதை அந்த நேரத்துக்குத் தள்ளிப் போடுகிற இந்த முறையை தோமஸ் போர்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் 1983இலேயே சோதித்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அரை மணித்தியாலம் ஒதுக்கச் சொன்னார்கள். எனக்கு அரை மணித்தியாலம் எங்கே கிடைக்கும், கால் மணித்தியாலம் கிடைத்தால் பெரிய காரியம்.

எழுதியதை மூன்றாகப் பிரித்தேன். நானே செய்யக்கூடியது. யாரிடமாவது கேட்க வேண்டியது. யாராலும் ஏலாதது. மழை, டொலர், மாமியின் கை முன்னைப்போல வருமா வராதா என்பது, கணவரின் ஒப்பந்தத்தைக் கொம்பனி புதுப்பிக்குமா என்பது எல்லாம் மூன்றாவதில் போயின. முதலாவதில் நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் பக்கம் நிறைந்து கிடந்தது இரண்டாவது. மூச்சுப் பயிற்சி ஓர் இரவைக் கடத்தித் தரும், ஒரு மாதத்தைக் கடத்த ஆட்கள்தான் வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மன அழுத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மனதையே திருத்தச் சொல்கிறார்கள். வீட்டில் வேலைப் பங்கீட்டைத் திருத்தச் சொல்பவர்கள் குறைவு. பெண்களிடம் சொல்லும்போது இன்னும் குறைவு. தியானம் செய்யச் சொன்ன ஒருவரும், "உங்கட மச்சாள் எங்க இருக்கிறா?" என்று கேட்கவில்லை.

மச்சாள் சாம்பல்தீவில் இருந்தா, பஸ்ஸில் வந்தாலும் அதிக நேரம் இல்லை. மாமியின் சொந்த மகள். நான் முன்பெல்லாம் அவவிடம் சொல்வது, "எனக்குச் சரியான கஷ்டமாயிருக்கு மச்சாள்." அதற்கு அவ, "ஓம் மச்சாள், என்ன செய்யிறது" என்பா. அங்கேயே கதை முடிந்துவிடும். முறைப்பாட்டுக்கு ஆறுதல்தான் பதில் வரும், வேறென்ன வரும்? இந்த முறை கொப்பியைப் பார்த்துக் கேட்டேன்.

"மச்சாள், மார்கழி கடைசி ரெண்டு கிழமையும் மாமியை உங்கட வீட்டில வச்சிருக்க ஏலுமே? கட்டிலும் கொமட் கதிரையும் நான் ஓட்டோவில அனுப்பிறன். மருந்து எல்லாம் நேரம் எழுதித் தருவன்."

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, "ரெண்டு கிழமை கஷ்டம் மச்சாள், அவருக்கு வயல் வேலை. ஒரு கிழமை வச்சிருக்கிறன். மற்றக் கிழமை நான் பின்னேரத்தில வந்து குளிப்பாட்டிச் சாப்பாடு குடுத்திட்டுப் போறன்."

கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. கிடைத்தது போதுமானதாக இருந்தது. என்ன வேண்டும், எந்த நாளில், எவ்வளவு நேரத்துக்கு, அதற்கு என் பக்கத்தில் நான் என்ன செய்வேன், இந்த நாலும் கேள்விக்குள் இருந்தால் எதிரில் இருப்பவர் 'ஓம்' என்றோ 'இல்லை' என்றோ 'பாதி' என்றோ சொல்ல முடியும். மாமிக்கும் மகள் வீட்டுக்குப் போவதில் சந்தோசம்தான், பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாமே. அவவிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் மச்சாளிடம் பேசினேன். வயதானவர்களைக் கேட்காமல் பொதி போல அங்கும் இங்கும் மாற்றுவது பிறகு வேறொரு சண்டைக்கு வித்து.

கந்தோரில் கேட்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கணக்காளர் சேர் கெட்டவர் இல்லை, ஆனால் டிசம்பரில் யாரும் அவருக்குக் கிட்டப் போவதில்லை. நான் ஐப்பசியிலேயே போனேன். "சேர், கார்த்திகை முடிவுக்குள்ள வாற வவுச்சர் மட்டும் இந்த வருசக் கணக்கில கட்டாயம் போகும் எண்டு கிளைகளுக்கு இப்பவே ஒரு கடிதம் போடுவமா? நான் வரைபு எழுதித் தாறன்." கடிதம் போனது. எல்லோரும் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேர் வழக்கம் போலக் கடைசியில்தான் கொண்டு வந்தார்கள். மற்றப் பாதி முந்தி வந்ததே எனக்கு மூச்சு விட இடம் தந்தது. காசோலை எழுதுகிற வேலையைப் புதிதாக வந்த தம்பியும் நானும் நாள் மாறி நாள் செய்வதென்று பிரித்தோம்.

லீவு பற்றியும் சொல்ல வேண்டும். அரச ஊழியருக்கு வருடத்துக்கு 21 நாள் அமைய விடுமுறையும் 24 நாள் ஓய்வு விடுமுறையும் இருக்கிறது. எங்கள் கிளையில் லீவு எடுக்காமல் இருப்பது ஒரு பெருமை. வருடக் கடைசியில் "எனக்கு முப்பது நாள் மிச்சம்" என்று சொல்லித் திரிவார்கள். அந்த மிச்சத்துக்கு யாரும் மாலை போட்டதை நான் காணவில்லை. இப்போது கார்த்திகையில், வேலை உச்சத்துக்குப் போகுமுன், ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு மூன்று நாள் சேர்த்து எடுக்கிறேன். வீட்டில்தான் இருப்பேன், ஊர் சுற்றப் போவதில்லை.

கணவரிடம் பேசுவது தனிக் கதை. வட்ஸ்அப்பில் தினமும் பேசுவோம், ஆனால் இருவரும் மாறி மாறி மறைப்போம். அவர் அங்கே ஓவர்டைம் குறைந்ததைச் சொல்ல மாட்டார், நான் இங்கே நெஞ்சிடியைச் சொல்ல மாட்டேன். பாசத்தில்தான். ஆனால் மறைத்ததைக் காக்கவும் பலம் வேண்டும். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை காசுக் கதை மட்டும் பேசுகிறோம், இந்த மாதம் இவ்வளவு வரும், இவ்வளவு போகும், இது போதாது என்று வெளிப்படையாக. மற்ற நாட்களில் காசைப் பற்றிப் பேச்சில்லை. போதாத மாதங்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் இரவில் தனியே கணக்குப் போட்டுக்கொண்டு படுப்பதில்லை.

உடம்புக்கு நடை. கிழமைக்கு 150 நிமிடம், வியர்க்கிற அளவு வேகமாய் நடந்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடம்பு ஓடுவதற்குத் தயாராகி நின்றதல்லவா, அதைக் கொஞ்சம் ஓட விடுவதுதான் இது. திருகோணமலைக்காரருக்கு இதற்குப் பஞ்சமில்லை. கந்தோர் விட்டதும் டச் பே கடற்கரை வழியே கோட்டை வாசல் போய், மான்களைத் தாண்டி, கோணேசர் கோவில் மேடு ஏறி இறங்கினால் அன்றைய கணக்கு முடிந்தது. மழை நாளில் எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே குடையோடு நடப்போம், பக்கத்து வீட்டு அக்காவும் நானும். அக்கா இல்லாவிட்டால் நான் நிச்சயம் போக மாட்டேன், அவ கேற்றடியில் வந்து நின்று கூப்பிடுவதால்தான் போகிறேன். பங்குனியிலிருந்து உப்புவெளிக் கடல் குளமாய்க் கிடக்கும், அப்போது பிள்ளைகளோடு குளிக்கப் போவோம். மாரியில் அந்தக் கடலில் இறங்கக் கூடாது. அந்த நாட்களில் கன்னியா வெந்நீரூற்றுக்கு விடியற்காலையில் போனால் கூட்டம் இல்லாமல் இளஞ்சூட்டில் ஊற்றிக் குளிக்கலாம், கழுத்து இறுக்கத்துக்கு அதைவிட ஒன்றும் இல்லை.

தேத்தண்ணியை விட முடியவில்லை, விடவும் இல்லை. மூன்று மணிக்குப் பிறகு குடிப்பதை மட்டும் நிறுத்தினேன். கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணித்தியாலம் அளவு எடுக்கும் என்று அறிந்த பிறகு, ஆறு மணி பிளேன்ரீக்கும் நடுச்சாம விழிப்புக்கும் உள்ள உறவு விளங்கியது. அப்படியும் சாமத்தில் விழிப்பு வந்தால் மணி பார்ப்பதில்லை. கனநேரம் புரண்டால் எழும்பிப் போய் மங்கல் வெளிச்சத்தில் உடுப்பு மடிப்பேன். நித்திரை வந்ததும் திரும்பிப் படுப்பேன். எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும்புகிற நேரம் மாறாது.

இதற்கிடையில் மகள். பரீட்சைக்குக் கிட்ட அவளுக்கு வயிற்றுவலி. என்னையே பார்ப்பது போல இருந்தது. அவளுக்குப் 'பயப்படாதே' என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் படபடப்பு வேண்டும், அது இல்லாவிட்டால் யாரும் புத்தகத்தை எடுக்க மாட்டார்கள். 1908இலேயே யேர்க்ஸ், டொட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளை வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள். கடினமான வேலையில், நடு அளவுத் தூண்டுதலில்தான் அவை கெதியாகக் கற்றன, அதற்கு மேலே போனபோது பின்தங்கின. பழைய வினாத்தாளை வீட்டில் மணி வைத்துச் செய்யச் சொன்னேன், பரீட்சை மண்டபத்தில் இருப்பது போல. ரியூசன் வகுப்புகளில் இரண்டை நிறுத்தினோம். சனிக்கிழமை விடியவிடிய ரியூசனுக்கு ஓடித் திரும்பி வந்து படிக்கிற பிள்ளைக்கு மூளை எங்கே மிஞ்சும்? சொந்தக்காரர் வாயில் விழுந்தேன், "நீர் பிள்ளையின்ர வாழ்க்கையோட விளையாடுறீர்" என்று. வயிற்றுவலி குறைந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இவ்வளவும் செய்தும் சரிவராத நிலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. இரண்டு கிழமைக்கு மேலாகப் பெரும்பாலான நாள் முழுதும் மனம் விழுந்து கிடக்கிறது, பிடித்த எதிலும் நாட்டமில்லை, சாப்பாடும் நித்திரையும் குழம்பிவிட்டது, நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று ஒரு நினைவு எட்டிப் பார்க்கிறது என்றால் அது நடந்தும் மூச்சு விட்டும் தீர்க்கிற காரியம் இல்லை. பொது வைத்தியசாலைக்குப் போனால் உளநலக் கிளினிக் இருக்கிறது, காசு இல்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்டுப் பார்க்கலாம். இரவில் யாரும் இல்லாதபோது 1926க்கு எடுக்கலாம், இருபத்துநாலு மணித்தியாலமும் இருக்கிற தேசிய உளநல உதவித் தொலைபேசி அது. கிளினிக் வாசலில் தெரிந்தவர் கண்டுவிடுவார்களே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், எங்கள் ஒழுங்கை அன்ரி ஒருத்தி அங்கே போய் வருகிறா. முதலில் ஊர் கதைத்தது. பிறகு அதே ஊரில் இரண்டு பேர், எந்த நாளில் போக வேண்டும் என்று அவவிடமே வந்து விசாரித்தார்கள்.

இந்த வருடத்துக்கான கடிதத்தின் வரைபு இப்போதே என் லாச்சியில் இருக்கிறது, ஐப்பசி பிறந்ததும் சேரிடம் கொடுக்க வேண்டும். மச்சாளிடம் கிழமைகளைச் சொல்லியாகிவிட்டது. அவ வழக்கம்போல ஒன்றைக் குறைத்துவிட்டா. அந்தக் கிழமைக்கு யாரைக் கேட்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்து வீட்டு அக்கா தன் பெயரைக் கொப்பியில் எழுதச் சொல்கிறா, நாள் ஒன்றுக்கு ஒரு கிண்ணம் தம்பலகாமத் தயிர் கூலியாம்.